மூன்றரை வருஷமாக ஒரு லண்டன் கவுன்சிலின் வீட்டுப் பட்டியலில்: என் மதிப்பீடு

ஐந்துக்கு இரண்டரை கொடுக்கிறேன். கவுன்சில், அதாவது உள்ளாட்சி மன்றம், குறைந்த வாடகைக்குத் தரும் வீடு இன்னும் கிடைக்கவில்லை என்ற கோபத்தில் குறைக்கவில்லை. வீடுகள் போதாது என்பது எல்லோருக்கும் தெரியும். 2024 மார்ச்சில் இங்கிலாந்து முழுவதும் பட்டியலில் இருந்தவை 13 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள். 1980-இல் வந்த சட்டத்தின்படி குடியிருந்தவர்களுக்கே விற்கப்பட்ட கவுன்சில் வீடுகள் மட்டும் கிட்டத்தட்ட 20 லட்சம், அந்த அளவுக்குத் திருப்பிக் கட்டவும் இல்லை. அதற்கு என் பரோவின் (லண்டனில் நான் இருக்கும் உள்ளாட்சிப் பகுதியின்) ஹவுசிங் அலுவலகத்தை நான் குறை சொல்ல முடியாது. நான் மதிப்பிடுவது விண்ணப்பம் வாங்குகிற விதத்தை, யாருக்கு முன்னுரிமை என்று தீர்மானிக்கிற விதத்தை, அதை நமக்கு விளக்குகிற விதத்தை, தவறு நடந்தால் திருத்துகிற விதத்தை. கவுன்சிலின் பெயரைப் போடவில்லை, கேட்காதீர்கள். மற்ற பரோக்களில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் கேட்டால் பேண்ட் (முன்னுரிமைப் படிநிலை) பெயர்களும் நாட்கணக்கும்தான் மாறுகின்றன, கதை மாறவில்லை.

எங்கள் நிலைமை இது. இரண்டு படுக்கையறை, தனியார் வாடகை வீடு, இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை. நானும் கணவரும் ஒரு அறையில், அம்மாவும் மகளும் இன்னொரு அறையில், மகன் ஹாலில் சோபா கட்டிலில். நாங்கள் தூங்கப் போனால்தான் அவன் தூங்க முடியும், அவன் எழுந்தால்தான் மற்றவர்கள் ஹாலில் உட்கார முடியும். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்வு. வாசலில் இருந்து வீதிக்கு 34 படிகள்.

2022 பிப்ரவரியில் இணையத்தில் விண்ணப்பித்தேன். படிவம் பரவாயில்லை, பாதியில் சேமித்து வைத்துவிட்டு மறுநாள் தொடரலாம், ஐந்துக்கு நான்கு தரலாம். கேட்ட ஆவணங்கள்: எல்லோருடைய பாஸ்போர்ட், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, சைல்டு பெனிஃபிட் கடிதம், வாடகை ஒப்பந்தம், கவுன்சில் டாக்ஸ் பில், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம். இதற்கெல்லாம் ஒரு பென்ஸ் கட்டணம் கிடையாது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், படிவம் நிரப்பித் தர நம் ஆட்களிடமே பணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கொடுக்காதீர்கள். ஆங்கிலம் சிரமம் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கவுன்சிலிடமே கேளுங்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட வைத்துக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

யார் விண்ணப்பிக்கலாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பொது நிதியை (அரசு உதவித்தொகை, கவுன்சில் வீடு போன்றவற்றை) பெற முடியாது என்ற நிபந்தனை விசாவில் இருந்தால் முடியாது. அகதி அந்தஸ்து, நிரந்தர வதிவிட அனுமதி, குடியுரிமை இருந்தால் பொதுவாகக் குடிவரவு அந்தஸ்து தடையாக இருக்காது. ஆனால் 2011-இல் வந்த லோக்கலிசம் சட்டத்துக்குப் பிறகு யாரைப் பட்டியலில் சேர்ப்பது என்பதை ஒவ்வொரு கவுன்சிலும் பெரும்பாலும் தானே தீர்மானிக்கலாம். குறைந்தது இரண்டு வருஷமாவது அந்தப் பகுதியில் வசித்திருக்க வேண்டும் என்று வைக்கும்படி 2013-இல் அரசு வழிகாட்டியது, எங்கள் கவுன்சில் ஐந்து வருஷம் கேட்கிறது. வருமானத்துக்கும் சேமிப்புக்கும் உச்சவரம்பு உண்டு. வேலை செய்கிறவர்களுக்குக் கிடைக்காது என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அது தவறு. நாங்கள் இருவருமே வேலை செய்கிறோம்.

இனி முன்னுரிமை விஷயம். இதை விண்ணப்பிக்கும் முன்பே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் ஒரு வருஷம் மிஞ்சியிருக்கும். பட்டியல் என்றவுடன் முதலில் வந்தவருக்கு முதலில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. 1996-ஆம் ஆண்டு ஹவுசிங் சட்டம் சில வகையினருக்கு நியாயமான முன்னுரிமை கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது: வீடில்லாதவர்கள், வீடில்லாதவர்கள் என்று கவுன்சில் பொறுப்பேற்றுக்கொண்டவர்கள், நெரிசலிலோ சுகாதாரக் கேடான வீட்டிலோ இருப்பவர்கள், உடல்நலம் அல்லது நலன் காரணமாக வீடு மாற வேண்டியவர்கள், ஒரு குறிப்பிட்ட இடத்துக்குப் போகாவிட்டால் கஷ்டப்படக்கூடியவர்கள். இந்த வகைகளைக் கவுன்சில் பேண்டுகளாகவோ புள்ளிகளாகவோ பிரித்துக்கொள்கிறது. எங்கள் கவுன்சிலில் ஏ, பி, சி, டி. ஏ என்றால் அவசரம், டி என்றால் வெறுமனே பட்டியலில் பெயர் இருக்கிறது என்று அர்த்தம். ஒரே பேண்டுக்குள் இருப்பவர்களிடையேதான் தேதி பார்க்கிறார்கள். அதாவது டி பேண்டில் பத்து வருஷம் காத்திருந்தவருக்கு முன்னால் போன மாதம் ஏ பேண்டில் வந்தவர் போவார், அது சரியும்கூட.

நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. சி பேண்ட். ஒரு படுக்கையறைதான் குறைகிறதாம், மருத்துவ முன்னுரிமை இல்லையாம்.

கணக்கு எப்படிப் போட்டார்கள் என்று பாருங்கள், எல்லோருக்கும் உதவும். தம்பதிக்கு ஒரு அறை. 21 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு அறை. பத்து வயதுக்குக் கீழே இரண்டு பிள்ளைகள் என்றால் ஆணோ பெண்ணோ சேர்ந்து ஒரு அறை. பத்திலிருந்து இருபது வயது வரை ஒரே பாலினத்தவர் இருவருக்கு ஒரு அறை. மகனுக்கு அப்போதுதான் பத்து முடிந்திருந்தது, மகளுக்கு ஆறு, ஆகவே இருவருக்கும் தனித்தனி. எங்களுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு இரண்டு, அம்மாவுக்கு ஒன்று, மொத்தம் நான்கு. இருப்பது இரண்டு. அப்படியானால் இரண்டு குறைய வேண்டும், கடிதத்தில் ஒன்று என்று ஏன் இருக்கிறது? அம்மாவைக் கணக்கில் எடுக்கவே இல்லை. அம்மா 2020 வரை பர்மிங்ஹாமில் தம்பியோடு இருந்தார், தம்பி குடும்பம் கனடா போனபோது எங்களிடம் வந்தார். வீடு சிறியது என்று தெரிந்தும் ஆளைச் சேர்த்துக்கொண்டு நிலைமையை நாங்களே மோசமாக்கிக்கொண்டோம் என்ற தொனியில் ஒரு பத்தி எழுதியிருந்தார்கள். அதை வாசித்தபோது எனக்குக் கை நடுங்கியது. பெற்ற தாயை எங்கே விடச் சொல்கிறார்கள்?

ஆனால் நிதானமாக யோசித்தால் அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான், இந்த அம்மா உண்மையிலேயே இந்த வீட்டு ஆளா, வேறு வழி இருந்ததா. அதற்கு நான் ஒரு தாள்கூட இணைத்திருக்கவில்லை. பென்ஷன் கடிதம், ஜிபியிடம் (குடும்ப மருத்துவரிடம்) பதிந்த தேதி, இந்த முகவரிக்கு வந்த ஃப்ரீடம் பாஸ் (லண்டனில் முதியோருக்கான இலவசப் பயண அட்டை) கடிதம், தம்பி நாட்டைவிட்டுப் போனதற்கான சான்று, எல்லாம் வீட்டில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்தன. படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இல்லை என்பதால் போடவில்லை. கட்டம் இல்லாவிட்டாலும் போடுங்கள்.

இடையில் இன்னொரு விஷயமும் முயன்றேன். சட்டப்படி நெரிசல் என்று நிரூபித்தால் பேண்ட் ஏறும் என்று ஒருவர் சொன்னார். கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவில் இருந்து ஒருவர் வந்து அளந்துவிட்டுப் போனார். முடிவு: சட்டப்படி நெரிசல் இல்லை. காரணம், 1985-ஆம் ஆண்டு ஹவுசிங் சட்டத்தில் இருக்கும் அந்த அளவுகோல் 1935-இலிருந்து வருவது. அதில் ஹாலும் தூங்கும் அறைதான். ஒரு வயதுக்குக் கீழே குழந்தை கணக்கிலேயே இல்லை, பத்து வயதுக்குக் கீழே பிள்ளை அரை ஆள். எங்கள் வீட்டில் மூன்று அறை, மூன்று அறைக்கு ஐந்து ஆள் வரை இருக்கலாம், நாங்கள் நாலரை ஆள். மகளுக்குப் பத்து வயது ஆனாலும் ஐந்துதான். ஆக, ஒரு பையன் வருஷக்கணக்காக ஹாலில் படுத்து எழுந்தாலும் அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு இது சாதாரண வீடு. படுக்கையறைக் கணக்கும் இந்தக் கணக்கும் வேறு வேறு என்பதைக் கடிதத்தில் எங்கேயும் விளக்கவில்லை. வந்த அதிகாரி நல்ல மனிதர், சமையலறை மூலையில் இருந்த ஈரப் பூஞ்சையைத் தானாகவே குறித்துக்கொண்டு வீட்டுக்காரருக்கு எழுதினார், அது ஒரு மாதத்தில் சரி செய்யப்பட்டது. நாங்கள் அழைத்தது வேறு விஷயத்துக்கு என்றாலும் அந்தப் பிரிவுக்கு மனமார ஐந்துக்கு ஐந்து.

மருத்துவ மதிப்பீட்டுக்கு ஐந்துக்கு ஒன்றரை. அம்மாவை யாரும் நேரில் பார்க்கவில்லை. படிவமும் ஜிபி கடிதமும் ஒரு மருத்துவ ஆலோசகரிடம் போகின்றன, அவர் தாளைப் பார்த்து மூன்று வரி எழுதுகிறார், அவ்வளவுதான். ஜிபி முதலில் தந்த கடிதத்தில் மூட்டுத் தேய்வு, பிரஷர், நீரிழிவு என்று நோய்களின் பெயர்கள் இருந்தன, கூடவே மாத்திரைகளின் பட்டியல். அதை வைத்து முன்னுரிமை இல்லை என்று முடித்துவிட்டார்கள். பிறகு இலவசமாக ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பில் ஒரு பெண் எனக்கு விளக்கினார்: அவர்கள் கேட்பது எவ்வளவு நோய் என்று இல்லை, இந்த வீடு அந்த நோயை என்ன செய்கிறது, வேறு வீடு கிடைத்தால் அது குறையுமா என்றுதான். அந்த ஒரு பேச்சில் எனக்கு எல்லாம் புரிந்தது. நீரிழிவு எந்த வீட்டிலும் நீரிழிவுதான். ஆனால் 34 படி என்பது இந்த வீட்டில் மட்டும்தான்.

அதன் பிறகு ஆறு வாரம் ஒரு கொப்பியில் எழுதினேன். அம்மா எந்த நாள் கீழே இறங்கினார், எந்தப் படியில் நின்றார், ஏற எத்தனை நிமிஷம். சராசரியாக வாரத்துக்கு ஒரு தடவைதான் இறங்கியிருக்கிறார், அதுவும் ஆஸ்பத்திரிக்கு. பதினெட்டாம் படியில், முதல் மாடித் திருப்பத்தில், எப்போதும் நின்றுவிடுவார், கைப்பிடிக் கம்பியில் நெற்றியைச் சாய்த்து மூச்சு வாங்குவார். இரண்டு தடவை ஆஸ்பத்திரி சந்திப்பைத் தவற விட்டிருக்கிறார், வலியில் படி இறங்க முடியாமல். இதை எழுதிக் கொடுத்த பிறகு ஜிபி தந்த இரண்டாவது கடிதத்தில் இவை எல்லாம் இருந்தன. கவுன்சிலின் சமூகப் பராமரிப்புப் பிரிவில் கேர் சட்டத்தின்படி மதிப்பீடு கேட்டேன், அது இலவசம். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்வதில் உள்ள சிரமங்களை மதிப்பிடுகிறவர்) ஒருவர் அளவு நாடாவோடு வந்தார். படியின் உயரம், குளியல் தொட்டியின் விளிம்பு, டாய்லெட் இருக்கையின் உயரம் என்று ஒவ்வொன்றாக அளந்தார், அம்மாவை ஒரு தடவை ஆறு படி இறங்கி ஏறச் சொல்லி முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் எழுதிய இரண்டு பக்கம்தான் எங்கள் கோப்பின் உயிர். தரைத்தளம் அல்லது லிஃப்ட், தொட்டி இல்லாத குளியலறை என்று தெளிவாக எழுதிவிட்டார்.

மறுபரிசீலனை கேட்க எங்களுக்கு 21 நாள் தந்திருந்தார்கள். மூன்று வாரம் என்றால் நிறைய நாள் மாதிரித் தெரியும், கடிதம் வந்து சேர்வதிலேயே நான்கு நாள் போய்விட்டது, ஜிபி கடிதத்துக்கு இன்னும் இரண்டு வாரம். ஆகவே முதலில் ஒரு வரி மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள், ஆதாரம் பின்னால் வருகிறது என்று எழுதுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம், ஏற்றுக்கொண்டார்கள். மறுபரிசீலனை செய்த அதிகாரிக்கு நான்கு கொடுப்பேன். முதல் முடிவை எடுத்தவர் வேறு, இவர் வேறு. எல்லாத் தாளையும் வாசித்திருந்தது அவருடைய கடிதத்திலேயே தெரிந்தது. 2022 அக்டோபரில் அம்மாவைக் குடும்பத்தில் சேர்த்தார்கள், இரண்டு அறை குறைவு, பி பேண்ட்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். பி பேண்டுக்கான தேதியை அக்டோபர் என்று போட்டிருந்தார்கள். அம்மா பிப்ரவரியிலும் எங்களோடுதான் இருந்தார், தவறு அவர்களுடையது, பின் ஏன் எட்டு மாதத்தை நாங்கள் இழக்க வேண்டும்? கேட்டேன். ஒரே மின்னஞ்சலில் பிப்ரவரிக்கு மாற்றிவிட்டார்கள். கேட்டிருக்காவிட்டால் அப்படியே இருந்திருக்கும். கடிதத்தில் பேண்டை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படாமல் தேதியையும் பாருங்கள்.

2023 தொடக்கத்தில் மருத்துவத்துக்கும் பி கிடைத்தது. இரண்டு பி சேர்ந்தால் ஏ ஆகும் என்று நினைத்தேன். ஆகாது. எங்கள் கவுன்சிலில் எது உயர்ந்ததோ அதுதான், கூட்டிப் பார்ப்பதில்லை. நெரிசல் மட்டும் உள்ள ஒரு குடும்பமும், நெரிசலோடு நோயும் உள்ள ஒரு குடும்பமும் ஒரே வரிசையில் நிற்கும். இது நியாயமா என்று தேடியபோது 2009-இல் நியூஹாம் கவுன்சில் தொடர்பான ஒரு வழக்கில், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்திருப்பது தெரிந்தது: பல தேவைகளைக் கூட்டிப் பார்த்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, யாருக்கு எவ்வளவு முன்னுரிமை என்பதில் நீதிமன்றம் எளிதில் தலையிடாது. சட்டப்படி சரிதான். ஆனாலும் எனக்கு ஏற்க முடியவில்லை. புள்ளி முறை உள்ள கவுன்சில்களில் ஒவ்வொரு தேவைக்கும் புள்ளி சேரும், அது இதைவிட நேர்மையான முறை என்றுதான் எனக்குப் படுகிறது.

சரி, பேண்ட் கிடைத்தது, வீடு? வீட்டை அவர்கள் தருவதில்லை, நாம்தான் வாரா வாரம் பிட் பண்ண வேண்டும். அம்மா முதலில் இதை ஏலம் என்று நினைத்து, இதற்கும் காசு போட வேண்டுமா என்று கவலைப்பட்டார். காசு இல்லை. இணையதளத்தில் வருகிற வீடுகளில் நமக்குப் பொருத்தமானதைத் தேர்ந்து விருப்பம் தெரிவிப்பதுதான் பிட். எங்களுக்கு வியாழன் காலை திறந்து திங்கள் இரவு மூடும். எந்த நேரத்தில் போட்டாலும் ஒன்றுதான், முதலில் போட்டவருக்குச் சலுகை இல்லை, ஆகவே நள்ளிரவில் விழித்திருக்க வேண்டாம். போட்டவுடன் நம் இடம் எத்தனையாவது என்று காட்டும். தளத்தின் இந்தப் பகுதி நன்றாக இருக்கிறது. முதல் தடவை 64. நான்கு அறை வீடு மாதத்துக்கு ஒன்று வந்தாலே பெரிது, அதில் படி ஏறாத வீடு நான் பார்த்தவரை இந்த மூன்றரை வருஷத்தில் ஐந்து. பிறகு ஒரு அதிகாரி சொல்லித்தான் தெரியும், எழுதிக் கேட்டால் மூன்று அறை வீட்டுக்கும் பிட் போட எங்கள் கவுன்சில் அனுமதிக்கிறது என்று. இதை ஏன் முதல் கடிதத்திலேயே எழுதக் கூடாது? அதற்காகவே அரை மதிப்பெண் குறைத்தேன்.

திங்கள் இரவு அம்மா தவறாமல் கேட்பார், "என்ன பிள்ளை, இந்தக் கிழமை எத்தினையாம்?" எண்ணைச் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்ப் படுத்துவிடுவார்.

நம் ஆட்களிடையே சுற்றுகிற ஆலோசனைகளில் ஒன்றை மட்டும் கட்டாயம் சொல்ல வேண்டும். வீட்டுக்காரரிடம் சொல்லி வெளியேற்றும் நோட்டீஸ் வாங்கு, வீடில்லாதவர் என்று போனால் உடனே வீடு என்பது. செய்யவே செய்யாதீர்கள். வீட்டுக்காரரோடு பேசி வைத்துக்கொண்டு செய்தது என்று தெரிந்தால் வேண்டுமென்றே வீடிழந்தவர் என்று முடிவெடுத்துவிடுவார்கள், அத்தோடு பெரிய பொறுப்பு எதுவும் கவுன்சிலுக்கு இல்லை. உண்மையாகவே வீடிழந்தவர்களும் தற்காலிக வீட்டில்தான் வைக்கப்படுகிறார்கள், அது வேறு பரோவிலோ வேறு ஊரிலோகூட இருக்கலாம், இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான குடும்பங்கள் இப்போது அப்படித்தான் இருக்கின்றன. உண்மையிலேயே வீடு போகப் போகிறது என்றால் அது வேறு விஷயம். 2018 ஏப்ரலில் இருந்து நடைமுறையில் உள்ள சட்டப்படி 56 நாளுக்குள் வீடிழக்கும் நிலையில் இருந்தாலே கவுன்சில் உதவத் தொடங்க வேண்டும். அவசரப்பட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடாமல் முதலில் அவர்களிடம் போங்கள், அல்லது வீட்டுப் பிரச்சினைகளுக்கு உதவும் ஷெல்டர் தொண்டு நிறுவனத்தின் இலவச உதவி எண்ணில் கதையுங்கள்.

எம்பியிடம் போனால் பேண்ட் ஏறும் என்பதும் அப்படித்தான். எங்கள் உள்ளூர் கவுன்சிலர் ஒரு கடிதம் எழுதினார், ஆறு வாரமாகப் பதில் வராத மின்னஞ்சலுக்கு இரண்டே நாளில் பதில் வந்தது, அதற்கு நன்றி. பேண்ட் அசையவில்லை.

தொலைபேசிச் சேவைக்கு ஒன்று. ஐம்பது நிமிஷம் பாட்டுக் கேட்டு, எடுத்தவர் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று மின்னஞ்சல் போடச் சொன்னது மூன்று தடவை. கடைசியில் ஒவ்வொரு அழைப்பிலும் பெயர், தேதி, நேரம் எழுதி வைக்கத் தொடங்கினேன். வருஷத்துக்கு ஒரு தடவை விண்ணப்பத்தைப் புதுப்பிக்கச் சொல்லி மின்னஞ்சல் வரும், அதைத் தவற விட்டால் பெயரே நீங்கிவிடும், தெரிந்த ஒருவருக்கு அப்படித்தான் ஆனது. அந்த மின்னஞ்சல் ஸ்பாம் பெட்டியில்தான் விழுகிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் முதல் தடவையாக வீடு பார்க்க அழைத்தார்கள். தரைத்தளம், மூன்று அறை, ஒரு ஹவுசிங் அசோசியேஷன் (குறைந்த வாடகைக்கு வீடு தரும் லாப நோக்கில்லாத அமைப்பு) வீடு. ஒரே வீட்டுக்கு மூன்று குடும்பங்களை அழைப்பார்கள், வரிசையில் முதலில் இருப்பவர் வேண்டாம் என்றால்தான் அடுத்தவருக்கு. நாங்கள் இரண்டாவது. அம்மா நேராகக் குளியலறைக்குப் போனார், சுவரில் இருந்த வெள்ளைக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக உட்காருவது மாதிரிக் குனிந்து எழுந்தார், பிறகு இன்னொரு தடவை. மகன் பின்னறையில் கதவை மூடித் திறந்து பார்த்துக்கொண்டு நின்றான், அவனுக்கு மூடுவதற்கென்று ஒரு கதவு இதுவரை இருந்ததில்லை. முதல் குடும்பத்தில் சக்கர நாற்காலியில் ஒரு சிறுமி இருந்தாள், அவர்கள் ஏ பேண்ட். அவளுடைய தாய் எங்களைப் பார்த்து ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் விட்டார். மறுநாள் அவர்கள் ஏற்றுக்கொண்டதாக எங்களுக்கு மின்னஞ்சல் வந்தது. அந்த வீடு அவர்களுக்குப் போனதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அந்த மின்னஞ்சல் மரியாதையாக எழுதப்பட்டிருந்தது, எங்கள் இடமும் தேதியும் மாறவில்லை என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள், மூன்றரை வருஷத்தில் அவர்கள் அனுப்பியதிலேயே தெளிவான கடிதம் அதுதான். வரும் வியாழன் மறுபடியும் பார்க்கிறேன். ஏதாவது மாறினால் இந்த மதிப்பீட்டையும் மாற்றி எழுதுகிறேன்.